தேவாரப் பெட்டியின் கறுப்பு வளையம்

அத்தையின் தலைமாட்டில் இருந்த தேவாரப் பெட்டி ஒரு சாயந்திரம் வாத்து மாதிரிப் பேசத் தொடங்கியது. உள்ளங்கை அளவு பெட்டி அது. கரண்டில் சொருகிவிட்டால் நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருக்கும். அன்றைக்குப் பாட்டுக்கு நடுவே யாரோ வாயில் துணியை அடைத்துக்கொண்டு அவசரமாகப் பேசுவது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரம் பேசும், நிற்கும், யோசிக்கும், மறுபடி பேசும்.

"இந்தா புள்ள," என்று அத்தை கூப்பிட்டார். "சாமி என்னமோ சொல்லுது. எனக்கு விளங்கல. நீ வந்து கேளு."

பருப்பு மத்தைக் கையில் வைத்துக்கொண்டே போய்க் காது கொடுத்தேன். எனக்கும் விளங்கவில்லை.

"சிங்களத்துல பேசுதோ என்னமோ," என்றேன்.

"சிங்களம் எனக்குத் தெரியாதா? இது அதுவும் இல்ல."

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. கம்பளைக் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு மின்சாமான் கடை இருக்கிறது. பல்ப், வயர், ஃபேன், ரைஸ் குக்கர். கீழே கடை, மேலே வீடு, நடுவில் பதினேழு படி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் கடையில்தான் நின்றேன். பல்ப் வாங்க வருகிறவரிடம் பல்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவேன். எனக்கு ஆட்கள் பேசுகிற விதம் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவள் நான். மிச்சப் படிப்பை எல்லாம் கடைக்கு வந்தவர்களின் வாயிலிருந்து படித்தேன். புசல்லாவையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வரும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் என் கணவரிடம் சொன்னார்: "உங்க வீட்டம்மா நல்ல ரேடியோ. ஆனா நிப்பாட்டுற பொத்தானை எங்க வச்சிருக்காங்கன்னுதான் தெரியல." இதைச் சொல்லி அவர் சிரித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. கண்டி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்துவிட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு பதினேழு படியும் ஏற்றி வந்தார்கள். ஏறியவர் அதன்பிறகு இறங்கவில்லை. அவரோடு சேர்ந்து நானும் மேலே ஏறிவிட்டேன் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

ஆள் வைத்துப் பார்த்தோம். மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்திகூட ஒரு வாரம் தாண்டவில்லை. கடைசியாகப் போனவள் படியில் நின்று செருப்பை மாட்டியபடி சொன்னாள்: "அந்த அம்மாவுக்கு இடுப்பு விழுந்துச்சுன்னு சொன்னீங்க. நாக்கு எழும்பினத சொல்லலியே." எங்கள் மகள் டுபாயில் இருக்கிறாள். கணவர் கடையை விட்டு நகர முடியாது. அப்படியே அது என் வேலையாகிப் போயிற்று. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். யாரும் கேட்கவும் இல்லை.

முன்பக்க ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கடைப் பலகை. பின்பக்க பல்கனியில் நின்றால் பலா மரம், அதற்குப் பின்னால் மலை, அந்த மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. சந்தைக்குப் போய்வர எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும். அதற்கு மேல் போனால் அத்தை கட்டிலில் கைத்தடியால் தட்டுவார். கீழே கடையில் சத்தம் கேட்கும். என் கணவர் வாடிக்கையாளரை விட்டுவிட்டுப் படியேறுவார். நான் வரும்போது இருவர் முகமும் ஒரே மாதிரி இருக்கும். பஸ் கண்டக்டர் ஒருவன் நெரிசலில் கத்துவான், "உள்ள போங்க, உள்ள போங்க, இடம் உங்க மனசுலதான் இருக்கு" என்று. அதை எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். மனசிலும் இடம் இருக்காது.

தேவாரப் பெட்டி வாத்தாக மாறியது அத்தை விழுந்த மூன்றாவது வருடத்தில்.

"பெட்டி பழுது" என்று சொல்லி என் கணவர் கீழேயிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். புதுசும் பேசியது. நான் சும்மா இருப்பேனா? கீரை கொண்டுவரும் பெண்ணிடம் எங்கள் வீட்டுச் சாமி வாத்து மாதிரிப் பேசுகிறது என்று சொன்னேன். அவள் தெரு முழுக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் பின்வீட்டு அனெக்சில் குடியிருந்த பாங்க்காரத் தம்பி எங்கள் வாசலில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும், இடமாற்றத்தில் வந்தவர். கையில் ஒரு கறுப்பு வளையம் வைத்திருந்தார்.

"அம்மா, மன்னிக்க வேணும்," என்றார். "உங்கட பெட்டிக்குள்ள வந்தது சாமி இல்ல. நான்தான்."

அத்தை கட்டிலில் படுத்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ மூணு நாளா நான் கும்பிட்டது இவரையா?"

அவர் கூச்சப்பட்டுச் சிரித்தார். பெட்டியின் வயரை அந்தக் கறுப்பு வளையத்துக்குள் மூன்று தரம் சுற்றி மாட்டினார். பிறகு தன் அறையில் இருந்த நண்பரைக் கைப்பேசியில் கூப்பிட்டு, அங்கிருந்த ரேடியோவில் பேசச் சொன்னார். பெட்டி தேவாரத்தை மட்டும் பாடியது. அமெச்சூர் ரேடியோ என்று ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது, அதற்கு அரசாங்க லைசன்ஸ் உண்டு, தன்னிடமும் தன் நண்பரிடமும் அது இருக்கிறது, தங்கள் அலைதான் இந்த வயரை ஏரியல் கம்பியாக நினைத்து உள்ளே புகுந்துவிட்டது, இந்த வளையம் அதைத் தடுத்துவிடும் என்று விளக்கினார்.

"மூணு நாளா யாரோட பேசினீங்க?" என்று கேட்டேன்.

"முந்தநாள் கசகஸ்தான் ஆள் ஒருத்தரோட கதைச்சன்."

"தெரிஞ்சவரா?"

"இல்லை. ஆராவது இருக்கிறியளோ எண்டு கேட்டன். அவர் இருக்கிறன் எண்டார்."

நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். அடுப்படியில் நின்று அந்த இரண்டு வரியையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். இருக்கிறீர்களா, இருக்கிறேன். கம்பளையில் ஓர் அனெக்ஸ் அறையில் உட்கார்ந்தபடி.

போன் இருக்கிறதே, பிறகு எதற்கு இது என்று என்னை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். போனில் நமக்குத் தெரிந்தவரைத்தான் கூப்பிடலாம். தெரிந்தவர்களிடம் பேச எனக்கு அந்த நாளில் ஒன்றும் மிச்சமில்லை. "அத்தை எப்படி?" என்பார்கள். "அப்படியேதான்" என்பேன். அதோடு முடிந்துவிடும்.

தம்பி தன்னிடம் இருந்த, கேட்க மட்டும் முடிகிற, பேச முடியாத பழைய ரிசீவர் ஒன்றை எனக்குத் தந்தார். அதற்குக் கம்பி வேண்டும். கூரையில் மூங்கில் நட்டு உயரமாகக் கட்டலாம் என்றார். என் கணவர் ஒரேயடியாக மறுத்தார்.

"கூரையில கம்பி எல்லாம் வேணாம்மா. ஆளுங்க என்னன்னு கேப்பாங்க."

"அந்தக் காலமெல்லாம் முடிஞ்சிருச்சுங்க."

"முடிஞ்சது எனக்குத் தெரியும். பாக்கிறவனுக்குத் தெரியணுமே."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இளவயதில், சண்டை நடந்த காலத்தில், ஒரு டார்ச் லைட்டுக்கும் இரண்டு மீட்டர் வயருக்கும் காரணம் சொல்லிப் பொலிஸில் ஒரு நாள் முழுக்க நின்றவர். அதனால் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பல்கனியிலிருந்து பலா மரத்துக்கு ஏற்கெனவே துணிக்கொடி ஒன்று இருந்தது. அதை அவிழ்த்துவிட்டு அதே உயரத்தில் ரேடியோக் கம்பியைக் கட்டினோம். பார்க்கிறவருக்கு அது கொடிதான். நம்பிக்கைக்காக, காயப்போட்ட மாதிரி ஒரு பழைய துவாயையும் தொங்கவிட்டார் என் கணவர்.

தம்பி அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இவ்வளவு பதிவா, தாழக் கட்டினால் கசகஸ்தான் கேக்காது அம்மா."

கேட்கவில்லைதான். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு, கஞ்சிக்கும் மாத்திரைக்கும் நடுவே குமிழைத் திருகியபோது தமிழ் கேட்டது. மதுரைப் பக்கத்துத் தமிழ், தூத்துக்குடித் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், ஒன்றன்பின் ஒன்றாக. "காலை வணக்கம், இங்கே லேசான தூறல், ஓவர்." ஒருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவருக்கு ஆண்டெனாவில் காக்கா கூடு. எல்லோருக்கும் மூத்தவர் போல ஒருவர் அடிக்கடி சொல்வார்: "கொஞ்சம் இடைவெளி விட்டுப் பேசுங்கய்யா, புதுசா வர்றவங்க கதவு எங்கன்னு தேடுவாங்க." நான்தானே அந்தக் கதவைத் தேடிக்கொண்டிருப்பவள்.

தம்பிக்குச் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். கம்பி உயரமாக இருந்தால் அலை சாய்ந்து தூரம் போகும். கம்பளை மாதிரி மலைக் குழியில் அது எங்காவது மலையில் முட்டினாலும் முட்டும். கம்பி பதிவாக இருந்தால் அலை நேரே மேலே போய் வானத்தில் பட்டுச் சுற்றிவர மழை மாதிரி விழும். மலை அதை மறிக்க ஏலாது. "உங்கட வீட்டு ஐயா பயத்தில கட்டின கம்பி, இந்தப் பள்ளத்துக்கு அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு."

கேட்டேன், கேட்டேன், இரண்டு வருடம் கேட்டேன். வாய் மூடாத ஒருத்திக்கு இதைவிடத் தண்டனை இல்லை. தம்பி கண்டிப்பானவர். லைசன்ஸ் இல்லாமல் ஒரு "ஹலோ"கூடச் சொல்லக்கூடாது என்றுவிட்டார். நான் ரிசீவருக்குப் பதில் சொல்வேன். "முழங்காலுக்கு நொச்சி இலை வச்சுக் கட்டுங்க" என்பேன். அத்தை உள்ளேயிருந்து கேட்பார்: "கேக்காதவங்களுக்கு ஏன் புள்ள பதில் சொல்ற? எனக்குச் சொல்லு, எனக்கும் முழங்கால் இருக்கு."

லைசன்ஸுக்குப் பரீட்சை எழுத வேண்டும். கொழும்பில். எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும். ஐம்பது வயதில் ஓம் விதியையும் அலைநீளத்தையும் படித்தேன். தம்பி பாங்க் கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தமிழில் எழுதித் தந்தார். அவற்றை அத்தையின் கட்டில் சட்டத்தில் ஒட்டிவைத்தேன். அங்கேதானே நான் அதிக நேரம் நிற்கிறேன். உடம்பு துடைக்கும்போது சுருக்க எழுத்துகளைச் சத்தமாகச் சொல்லுவேன். கியூ.ஆர்.எம் என்றால் மற்ற ஆட்களால் வரும் இடைஞ்சல். கியூ.ஆர்.என் என்றால் இடி மின்னலால் வரும் இடைஞ்சல். அத்தைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் இவை இரண்டும் நன்றாகப் பிடித்துவிட்டன. என் கணவர் படியேறி வந்து "மத்தியானச் சோறு ஆச்சா?" என்றால் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு "கியூ.ஆர்.எம் வந்துருச்சு" என்பார்.

பரீட்சைத் தேதி வந்தது. டுபாயிலிருந்து மகள் போனில் பேசி, தன் தோழி ஒருத்தியை அன்றைக்கு ஒரு நாள் வந்து இருக்கச் சொல்லி ஏற்பாடு செய்தாள். முதல் கொழும்பு பஸ்ஸுக்கு விடியுமுன் எழும்பிக் குளித்துச் சேலை கட்டினேன். அத்தைக்குக் கஞ்சி கொடுத்து, "போயிட்டு வர்றேன் அத்தை" என்றேன்.

"போயிட்டு வா," என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தை கட்டிலுக்குக் கீழே கிடந்தார். நெற்றியில் சின்னக் காயம். இடுப்புக்கு ஒன்றுமில்லை என்று கண்டிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தபிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் பரீட்சைச் சேலையோடு உட்கார்ந்திருந்தேன். அனுமதிக் கடிதம் கைப்பையில் இருந்தது.

தானாக விழுந்தாரா, விழுந்து காட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதன்பிறகு எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. வீம்புக்கு இல்லை, கோபத்துக்கும் இல்லை. துடைப்பேன், ஊட்டுவேன், மாத்திரை கொடுப்பேன், வாயைத் திறந்தால் சொல்ல ஒன்றும் இருக்காது. ரிசீவரில் துணி போட்டு மூடினேன். கீரைக்காரப் பெண் வந்து நின்று, "ஏங்க்கா, உங்களுக்கும் வளையம் மாட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். அதற்கும் சிரிப்பு வரவில்லை. கட்டில் சட்டத்தில் ஒட்டியிருந்த கலண்டர் தாள்களை உரித்து எடுத்தபோது அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். பசை காய்ந்து தாள் கிழிந்த சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு மாதம் இப்படிப் போயிருக்கும். ஒரு காலையில் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னைத் திட்டு."

நான் மறுகையால் சிக்கெடுத்தேன்.

"நீ திட்டினா நான் பதிலுக்குத் திட்டுவேன். நீ இப்படி இருந்தா எனக்குப் பயமா இருக்கு புள்ள. பக்கத்துல நிக்கிற, ஆனா ஆள் இல்ல."

சீப்பு கையில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. "நான் போனா வரமாட்டேன்னு நினைச்சீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"உன் எடத்துல நான் இருந்தா வரமாட்டேன்," என்றார்.

அதில் பொய் இல்லை. அந்த பஸ்ஸில் ஏறினால் திரும்பி வரும் பஸ் எது என்று நான் விசாரித்து வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொன்னேன். அத்தை என் மணிக்கட்டை விட்டுவிட்டு, "அப்போ அடுத்த தடவ விசாரிச்சு வச்சுக்க" என்றார்.

அடுத்த பரீட்சைக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று. இந்தத் தடவை யாரையும் வெளியிலிருந்து கூப்பிட வேண்டாம், மகன்தான் இருக்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். அது சனிக்கிழமை. கடையில் ஆள் வருகிற நாள்.

"சனிக்கிழமையா? கடையைப் பூட்டவா?" என்றார் என் கணவர்.

"நாலு ரைஸ் குக்கர் விக்காட்டி ஊர்ல யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க," என்றார் அத்தை. "நீ வந்து உக்காரு. உன்னைப் பெத்ததுக்கு ஒரு நாள் பாத்துக்க."

பஸ் கெலிஓயா தாண்டி, பேராதனை தாண்டி, கடுகண்ணாவை வளைவுகளில் இறங்கியது. மாவனல்லைக்குப் பிறகு காற்று சூடாக மாறியது. ஆறு வருடத்தில் அந்தச் சூட்டை நான் தொட்டதில்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் அரை மணி ஆகிவிட்டதா என்று கையைத் திருப்பிப் பார்த்தேன். கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று கழற்றினால்தான் தெரிகிறது.

பரீட்சை மண்டபத்தில் முழுக்க ஆண்கள், பாதிப்பேர் என் மகளை விட இளையவர்கள். வாசலில் பெயர் பார்த்தவர் மரியாதையாகக் கேட்டார், "அம்மா, யாரைக் கூட்டிட்டு வந்தீங்க? அவங்க உள்ள போகலாம், நீங்க அந்தக் கதிரையில இருங்க." நான் கடிதத்தை நீட்டி, "என்னைத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றேன். கேள்விகளில் ஒன்று, உங்கள் அலை பக்கத்து வீட்டுக் கருவியில் புகுந்து இடைஞ்சல் செய்தால் என்ன செய்வீர்கள் என்று. கறுப்பு வளையத்தைப் பற்றி எழுதினேன்.

திரும்பி வரும்போது இரவு ஏழு மணியாகிவிட்டது. பதினேழு படியும் ஏறி மூச்சு வாங்க நின்றேன். என் கணவர் தலைமுடி கலைந்து, வேட்டி நனைந்து, ஒரு நாளில் பத்து வயது கூடியவர் போல உட்கார்ந்திருந்தார். "தினமும் நீ இதையா செய்ற?" என்றார். அத்தை கட்டிலிலிருந்து, "கஞ்சில உப்பு போடல இவன்," என்றார். அவ்வளவுதான். ஆனால் கதவைப் பார்த்தபடி தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்திருந்தார்.

பாஸாகிவிட்டேன். அதன்பிறகு பல மாதங்கள் காகிதங்கள். ஒருநாள் லைசன்ஸ் விஷயமாக வெள்ளைச் சட்டையில் அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். நல்ல மரியாதையான பிள்ளைகள். கம்பியைப் பார்த்தார்கள், தொங்கிய துவாயையும் பார்த்தார்கள். வீட்டில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார்கள். என் கணவருக்கு வியர்த்தது. அந்தப் பழைய டார்ச் லைட் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அன்றைக்குப் பார்த்துச் சிங்களம் வரவில்லை. உள்ளே கட்டிலிலிருந்து அத்தைதான் பதில் சொன்னார்: "மகே லேலிட்ட கதா நொகர இன்ன பே." என் மருமகளால் பேசாமல் இருக்க முடியாது என்று அர்த்தம். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திச் சிரித்துவிட்டார். அதையே எழுதிக்கொண்டாரோ என்னமோ. லைசன்ஸ் வந்தது.

அது வருவதற்குள் தம்பிக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்துவிட்டது. போகுமுன் கேட்கவும் பேசவும் முடிகிற ரேடியோப் பெட்டி ஒன்றை எனக்குத் தேடித் தந்து, பல்கனிப் பக்கத்துச் சின்ன அறையில் மேசை போட்டு எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தார். "லைசன்ஸ் கையில கிடைக்கும்வரைக்கும் மைக்கை அலுமாரிக்குள்ள வையுங்கோ. உங்களை நம்ப ஏலாது," என்றார். "போட்டு வாறன் அம்மா. காத்தில சந்திப்பம்."

முதல்நாள் காலை ஏழு மணி. கம்பியில் தொங்கிய துவாயை எடுத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். ஆறேழு வருடத்துப் பேச்சு வாய்க்குள் இருக்கிறது, ஒரு சொல் வெளியே வரவில்லை. அந்தப் பெரியவர் வழக்கம் போல இடைவெளி விட்டுக் கேட்டார், புதிதாக யாராவது இருக்கிறீர்களா என்று. நான் பொத்தானை அழுத்தினேன். எனக்குத் தந்திருந்த அழைப்புக் குறியைச் சொன்னேன். பிறகு, "இருக்கேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அவர் குரல்: "வாங்க வாங்க. கண்டி மலைக்குள்ள இருந்து ஒரு யங் லேடி வந்திருக்காங்க. எல்லாரும் வழி விடுங்க." இந்தப் பொழுதுபோக்கில் பெண் என்றால் எத்தனை வயதானாலும் யங் லேடிதான், அது அவர்களின் வழக்கம். அது தெரிந்திருந்தும் எனக்குக் கன்னம் சூடாகியது. அங்கே மழையா என்று கேட்டார். மழை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மலையில் மேகம் எங்கே நிற்கிறது, பலா மரம் எத்தனை காய் பிடித்திருக்கிறது, முழங்காலுக்கு நொச்சி இலை எப்படிக் கட்டுவது, இரண்டு வருடமாக அதை ரிசீவருக்கே சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "இரண்டு வருஷமா வச்சிருந்த மருந்தா இது?" என்று முழங்கால்காரர் சிரித்தார்.

முடித்துவிட்டுக் கதவைத் திறந்து அத்தையிடம் ஓடினேன். சொல்ல வாயெடுத்தவள் நின்றுவிட்டேன். அத்தையின் மடியில் அந்தக் கறுப்பு வளையம் இருந்தது. தேவாரப் பெட்டியின் வயரை அதிலிருந்து உருவிவிட்டு மறுபடி சொருகியிருந்தார்.

"கழட்டிட்டேன்," என்றார்.

"ஏன் அத்தை? அது இல்லாட்டி நான் பேசுறதெல்லாம் உங்க பெட்டிக்குள்ள வந்து இரையுமே."

"இரையட்டும். நீ அங்க போய்க் கதவ சாத்திக்கிற. இருக்கியா போயிட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சின்ன அறை ஒன்றுதான் எனக்கென்று வந்த இடம். அந்த மேசையில் உட்கார்ந்தால் மலை இல்லை, பதினேழு படி இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது நான் தூத்துக்குடிக்கு ஒரு வார்த்தை அனுப்பினால் அதற்கு முன்னால் அது அத்தையின் தலைமாட்டுக்குப் போகிறது. நான் கொஞ்சம் அதிக நேரம் கேட்டுக்கொண்டிருந்தால், பெட்டி மௌனமாகிவிட்டால், கைத்தடி கட்டிலில் தட்டுகிறது.

ஒருநாள் கோபத்தில் வளையத்தை மறுபடி மாட்டினேன். அத்தை தடுக்கவில்லை. தட்டவும் இல்லை. அன்று காலை வானம் தெளிவாக இருந்தது. ஆசை தீரப் பேசலாம், யாரும் கூப்பிடவில்லை. இருபது நிமிடத்தில் எனக்குக் காது உள்ளே திரும்பிவிட்டது. மட்டக்களப்புக்காரர் இரண்டு முறை கேட்டும் பதில் சொல்லாமல், "ஒரு நிமிஷம், வீட்டில்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அத்தை கண்ணைத் திறந்தபடி படுத்து, தேவாரம் மட்டும் பாடும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே பார்வையோடு நான் ரிசீவர் முன்னால் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

வளையத்தை நானே கழற்றினேன்.

இது எல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. அத்தைக்கு எண்பத்து நாலு. நான் இன்னும் அரை மணிக்கு மேல் வெளியே போவதில்லை. வவுனியாத் தம்பி ஞாயிறுகளில் காற்றில் வருகிறார், உயரமாகக் கம்பி கட்டிக் கசகஸ்தானைப் பிடியுங்கள் என்கிறார். என் கணவரும் இப்போது மூங்கில் நடலாம் என்கிறார். பார்ப்போம். கை நடுங்கும்வரை இந்த மைக்கை விட மாட்டேன் என்று மட்டும் தெரியும், கம்பி உயரமோ பதிவோ.

காலை ஏழு மணிக்குத் துவாயை எடுத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் உள்ளே குரல் கொடுக்கிறேன்.

"அத்தை, பெட்டி போட்டாச்சா?"

"போட்டாச்சு. நீ பேசு."